ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் உலகின் பெரிய ஹீட்டரும்: ஒரு சில்லர்காரனின் பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அணு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய இடம். அங்கே ஏன் உலகின் மிகப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களை வைக்கிறார்கள்? மின்சார ஆராய்ச்சிக்கும் கம்ப்யூட்டருக்கும் அப்படி என்ன தொடர்பு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. சென்னைக்கு வெளியே ஒரு டேட்டா சென்டரில் பதினோரு வருடமாகச் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்), பம்ப், கூலிங் டவர் (சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கோபுரம்) என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன். ஓக் ரிட்ஜுக்குப் போனதும் இல்லை. ஆனால் என்னைப் போன்ற கூலிங் ஆட்களுக்கு அந்த ஊர் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்ல முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மே மாத மதியம் கரண்ட் போனது. யூபிஎஸ் சர்வர்களைத் தாங்கிக்கொண்டது, ஜெனரேட்டரும் கிளம்பிவிட்டது. ஆனால் சில்லர் ஒருமுறை நின்றால் உடனே எழுந்திருக்காது. ஐந்தாறு நிமிடம் எடுக்கும். அந்த ஐந்தாறு நிமிடத்துக்குள் 24 டிகிரியில் இருந்த அறை 36ஐத் தாண்டிவிட்டது. எனக்குக் கை உதறியது. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் அண்ணன் மீட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "இத கம்ப்யூட்டர்னு நெனைக்காத தம்பி, ஹீட்டர்னு நெனைச்சுக்கோ. கரண்ட வாங்கி சூடாக்கி வெளிய தள்ளுது. நடுவுல கொஞ்சம் கணக்கும் போட்டுக்கிது."

ஓக் ரிட்ஜின் கதையும் இந்தக் கரண்டிலும் சூட்டிலும்தான் ஓடுகிறது. அந்த ஆய்வகம் அந்த இடத்துக்கு வந்ததே கரண்டால்தான். 1930களில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின்சார அமைப்பு அங்கே ஆறுகளில் வரிசையாக அணை கட்டியது. நாரிஸ் அணை 1936இல் முடிந்தது. 1942இல் அணுகுண்டு செய்யும் மன்ஹாட்டன் திட்டத்துக்கு இடம் தேடியபோது, ஒதுக்குப்புறமாகவும் இருக்க வேண்டும், தாராளமாக மின்சாரமும் கிடைக்க வேண்டும் என்று பார்த்து அந்த மலைச்சரிவுகளைப் பிடித்தார்கள். யுரேனியத்தைப் பிரிக்க அங்கே கட்டிய ஒய்-12 ஆலைக்குப் பிரம்மாண்டமான மின்காந்தங்கள் வேண்டும். போர்க்காலம், செம்பு கிடைக்கவில்லை. அரசு கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடனாக வாங்கிக் காயில் சுற்றினார்கள். கடைசித் தவணை 1970இல்தான் திரும்பிப் போனது. நம் ஊரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங்குக்குச் செம்பு விலை கேட்டாலே எனக்குத் தலை சுற்றும்.

இன்றைய ஆய்வகத்தின் தொடக்கம் எக்ஸ்-10 என்ற கிராஃபைட் அணு உலை. 1943 நவம்பர் 4 அன்று ஓடத் தொடங்கியது. அதைக் குளிர்வித்தது என்ன தெரியுமா? காற்று. பெரிய பெரிய விசிறிகளை வைத்துக் காற்றை இழுத்து, கிராஃபைட்டில் போட்ட துளைகள் வழியே ஓடவிட்டார்கள். விசிறியைப் பலப்படுத்திய பிறகுதான் உலையின் சக்தியையும் ஏற்ற முடிந்தது. எவ்வளவு சூட்டை வெளியே எடுக்கிறாயோ அவ்வளவுதான் ஓட்டலாம். நான் தினமும் பார்க்கிற விதியும் இதுதான்.

அதே உலையில் 1948 செப்டம்பரில் ஒரு விளையாட்டு நடந்தது. பிள்ளைகள் வைத்து விளையாடும் பொம்மை நீராவி எஞ்சின் ஒன்றை உலையின் வெப்பத்தில் ஓட்டி, ஒரு குட்டி பல்பை எரியவிட்டார்கள். அணுசக்தி வெப்பத்தில் எடுத்த முதல் மின்சாரம் அது.

சரி, கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது? அணு உலையைக் கட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது கட்டுப்படியாகாது. நியூட்ரான் எங்கே போகும், கவசச் சுவர் எத்தனை அடி வேண்டும், எரிபொருள் எங்கே அதிகம் சூடாகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். அதற்காக ஆர்கான் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வகத்தோடு சேர்ந்து ஓரக்கிள் என்ற வால்வு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். 1950களின் நடுவில் அது வேலைக்கு வந்தது. பின்னாளில் யுரேனியமும் உருகிய உப்புமாக ஓடிய ஒரு சோதனை உலையையும் 1965 முதல் 1969 வரை ஓட்டினார்கள். அது தோரியம் என்ற இன்னொரு அணு எரிபொருளின் பக்கம் போகும் கதை. தோரியம் கிடைக்கும் மணவாளக்குறிச்சி மணல் வரை இழுக்கும் என்பதால் இங்கே விடுகிறேன்.

இனி நான் விரும்பிப் படித்த பகுதி. 2009இல் ஓக் ரிட்ஜின் ஜாகுவார் உலகின் வேகமான கம்ப்யூட்டராக வந்தது. வேகம் 1.76 பீட்டாஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்குச் சுமார் 1,760 லட்சம் கோடி கணக்குகள். அதற்கு இழுத்த கரண்ட் 7 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் போல ஆயிரம் மடங்கு வேகம் வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். எக்ஸா அளவு என்பார்கள், ஒன்றுக்குப் பின் 18 சைபர். ஜாகுவாரையே பெருக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஓக் ரிட்ஜில் பின்னால் வந்த ஃப்ரான்டியர் என்ற கம்ப்யூட்டர் முதலில் காட்டிய வேகத்துக்கு ஜாகுவாரின் கணக்கில் 4,300 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். அதுபோல இரண்டு கூடங்குளத்தை ஒரே கட்டடத்துக்குக் கொடுத்தாலும் பத்தாது.

முன்பெல்லாம் இந்தக் கவலை இல்லை. சிப்பில் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கான வோல்டேஜும் இறங்கும். எத்தனை அதிகம் திணித்தாலும் சூடு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974இல் எழுதிவைத்த கணக்கு அது. 2005 வாக்கில் அந்தச் சலுகை தீர்ந்துவிட்டது. வோல்டேஜை அதற்கு மேல் இறக்கினால் டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் கரண்ட் கசிந்தது. 2008இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவுக்காக பீட்டர் காகி தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, எக்ஸாவுக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய முட்டுக்கட்டை மின்சாரம்தான் என்றது. 20 மெகாவாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கானது. அது வெறும் பொறியியல் எண் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு மெகாவாட்டை வருடம் முழுக்க ஓட்டினால் சுமாராகப் பத்து லட்சம் டாலர் பில் வரும் என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். கையெழுத்துப் போடுகிறவர் பார்ப்பது அதைத்தான்.

2012இல் ஜாகுவார் இருந்த அதே 200 கேபினட்டுக்குள் டைட்டனை நுழைத்தார்கள். 18,688 நோடுகள் (நோடு என்றால் உள்ளே இருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர்), ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரண பிராசஸர், கூடவே என்விடியாவின் ஒரு ஜிபியு. வேகம் பத்து மடங்கு ஆனது, கரண்ட் 8.2 மெகாவாட்டுக்கு மட்டுமே ஏறியது. சாதாரண பிராசஸர் கெட்டிக்கார சமையல்காரர் மாதிரி. அடுத்து என்ன ஆர்டர் வரும் என்று ஊகித்துத் தயாராக நிற்பதற்கே நிறைய சக்தியைச் செலவழிக்கும். ஜிபியு கல்யாணப் பந்தியில் வரிசையாகப் பரிமாறும் கூட்டம். யோசிப்பது கிடையாது, ஒவ்வொருவரும் மெதுவாகத்தான் போவார்கள், ஆனால் நூறு இலைக்கும் ஒரே நேரத்தில் சாம்பார் விழுந்துவிடும். ஒரு வாட்டுக்கு எத்தனை கணக்கு என்று பார்த்தால் பந்திதான் ஜெயிக்கும். ஜிபியுவைப் பெரிய கணினிகளில் டைட்டனுக்கு முன்பே சீனா போட்டிருந்தது. எனவே ஓக் ரிட்ஜ்தான் முதல் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

சிரமமும் இருந்தது. பழைய பிராசஸருக்காகப் பல வருடமாக எழுதிச் சேர்த்த புரோகிராம்களைப் பந்தி வரிசைக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டியிருந்தது. கரண்ட் பில் விஞ்ஞானியின் புரோகிராமையே திருத்தி எழுத வைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் ஃப்ரான்டியர். 2022 மே மாதம் 1.102 எக்ஸாஃப்ளாப்ஸ், 21.1 மெகாவாட். ஒரு எக்ஸாவுக்கு 19 மெகாவாட் சொச்சம், அந்த 20 மெகாவாட் இலக்குக்குள் வந்துவிட்டது. 74 கேபினட், 9,408 நோடு, ஏஎம்டி ஜிபியு 37,632. டைட்டனைக் கழற்றி எடுத்த அதே அறையில்தான் வைத்தார்கள். ஆனால் ஒரு கேபினட்டே மூன்றரை டன்னுக்கு மேல் என்பதால் தளத்தைப் பெயர்த்து மறுபடி போட வேண்டியிருந்தது. (2024 நவம்பரில் முதலிடம் லிவர்மோர் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வகத்தின் எல் கேப்பிட்டனுக்குப் போய்விட்டது. இந்தப் பட்டியல் பரபரப்பு எனக்குப் பெரிய விஷயமில்லை.)

எனக்குப் பெரிய விஷயம் தண்ணீர். டைட்டனுக்குக் கொடுத்தது சுமார் 5 டிகிரி குளிர்ந்த நீர். அதற்குச் சில்லர் வேண்டும், சில்லரின் கம்ப்ரஸர் கரண்டைக் குடிக்கும். 2018இல் வந்த சம்மிட் என்ற கம்ப்யூட்டருக்கு 21 டிகிரி. ஃப்ரான்டியருக்கு 32 டிகிரி. 32 டிகிரி என்றால் மே மாதம் நம் மொட்டைமாடித் தொட்டியில் காலையில் இருக்கும் தண்ணீர்! அதைக் கொண்டா குளிர்விப்பது என்று முதலில் படித்தபோது நானும் சிரித்தேன். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. சிப் அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டில் ஓடுகிறது. காற்றை நடுவில் வைக்காமல் தண்ணீரைச் சிப்பின் தலைமேல் உள்ள தகட்டுக்கே கொண்டுபோனால் 32 டிகிரியே போதும். நோடில் விசிறியே கிடையாது. நான்கு பெரிய பம்புகள் நிமிடத்துக்கு சுமார் 22,700 லிட்டரைச் சுற்றவிடுகின்றன. நம் கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு 12,000 லிட்டர் தண்ணி லாரி. 21 மெகாவாட் சூட்டை அந்தத் தண்ணீர் ஏற்றுக்கொண்டால் சுமார் 13 டிகிரி ஏறும், 45இல் வெளியே வரும். அதைக் கூலிங் டவரில் கொட்டினால் காற்றிலேயே ஆறிவிடும், சில்லரை எழுப்பவே தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு 100 ரூபாய்க் கரண்ட் போனால் குளிர்விப்பதற்கும் மற்றதற்கும் 3 ரூபாய்தான் கூடுதல் என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இடத்தில் அது 70 ரூபாய்.

இனி இந்த ஹீட்டர் நடுவில் போட்டுக்கொள்கிற கணக்கு. அதே டென்னசியில் வாட்ஸ் பார் அணு மின் நிலையம் இருக்கிறது. அணை கட்டிய அதே ஆணையத்துடையது, ஆய்வகத்துக்குக் கரண்ட் கொடுப்பதும் அந்த ஆணையம்தான். ஓக் ரிட்ஜ் தலைமையில் 2010 முதல் பத்து வருடம் நடந்த ஒரு கூட்டுத் திட்டத்தில், அந்த உலைகளையே எரிபொருள் குச்சி குச்சியாகக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த சிக்கல்களில் ஒன்று எனக்கு நன்றாகவே புரிந்தது. உலைக்குள் ஓடும் தண்ணீரில் குழாய்களிலிருந்து அரித்து வந்த நிக்கல், இரும்புத் துணுக்குகள் இருக்கும். குச்சியின் மேல்பகுதி அதிகம் சூடாக இருப்பதால் அங்கே போய்ப் படியும். அந்தப் படிவில் தண்ணீரில் கலந்திருக்கும் போரான் மாட்டிக்கொள்ளும். போரான் நியூட்ரானை விழுங்கும். விளைவு, மேலே சக்தி குறைந்து கீழே கூடும், உலையின் சமநிலை சாயும். எங்கள் கூலிங் டவர் குழாயில் போர் தண்ணீர் உப்புப் படிந்து என்னைப் படுத்துகிறதே, அதன் பெரியண்ணன். எங்கே எவ்வளவு படியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உலையை வீணாகக் குறைந்த சக்தியில் ஓட்ட வேண்டியதில்லை. அந்த உலையின் கரண்டையும் வாங்கித்தானே இந்தக் கணக்கும் ஓடியது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அணு மட்டுமில்லை. நெடுஞ்சாலை லாரிகளுக்கு அடியில் காற்று எப்படிச் சுழல்கிறது என்று ஜாகுவாரில் ஓட்டிப் பார்த்து, டீசலை மிச்சப்படுத்தும் அடித்தகடுகளை ஒரு சிறு நிறுவனம் வடிவமைத்தது. மூன்றரை வருடம் பிடிக்கும் என்று போட்ட வேலை ஒன்றரை வருடத்தில் முடிந்தது. ஃப்ரான்டியரில் ஜிஇ நிறுவனம் உறையில்லாத திறந்த விசிறி விமான எஞ்சினைச் சோதித்தது. எரிபொருளை 20 சதவீதத்துக்கு மேல் குறைப்பது அந்த எஞ்சின் திட்டத்தின் இலக்கு. உலகம் முழுவதன் மேகங்களை மூன்று கிலோமீட்டர் சொச்சக் கட்டங்களாகப் பிரித்து ஓட்டிய தட்பவெப்ப மாதிரிக்கு, பெரிய கம்ப்யூட்டர்களில் செய்யும் ஆராய்ச்சிக்கான கார்டன் பெல் பரிசுகளில் தட்பவெப்பப் பிரிவுப் பரிசும் 2023இல் கிடைத்தது.

இவ்வளவு கரண்டுக்கு இது தகுமா என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். லாரி, உலை போன்ற கணக்குகளுக்குத் தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் இதே ஜிபியுவையும் இதே தண்ணீர்க் குழாயையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்கணக்கான மெகாவாட் கேட்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு அத்தனை உறுதி இல்லை. என் சம்பளமே அங்கிருந்துதான் வருகிறது, அதனால் அதிகம் பேசவில்லை.

இதைச் சென்னையில் செய்ய முடியுமா என்று ஒரு நண்பர் தனியே கேட்டார். கூலிங் டவர் எவ்வளவு ஆற்றும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. நம் ஊரில் மே, ஜூனில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) 28ஐத் தொடும். நல்ல டவர் அதைவிட மூன்று நான்கு டிகிரி மேலேதான் தண்ணீரைக் கொடுக்கும். அதாவது 31, 32. நூலிழையில் தப்பிக்கலாம், ஆனால் டவரில் உப்புப் படிந்திருந்தால் தப்பிக்க முடியாது. போன வருடம் எங்கள் இடத்திலும் தண்ணீர்க் குழாயோடு முதல் ரேக் வந்து இறங்கியது. சர்வர் ஆட்கள் இன்னும் அதன் பக்கத்தில் போகும்போது காலடியில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.