இத்தாலி ஸ்டடி டூர்: உங்க கேள்விகளுக்கு என்னோட பதில்

போன இதழ்ல, நான் கட்டடக்கலை படிச்சப்போ காலேஜ் குரூப்போட இத்தாலில சுத்துனத பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டர்ல ஆறு கேள்விக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் பி.ஏ. வரலாறு மூணாவது வருஷம். டிபார்ட்மென்ட்லேர்ந்து 22 பேர் 10 நாள் போறோம். ரோம், ஃப்ளோரன்ஸ், சியனா, ரவென்னா, வெனிஸ்னு லிஸ்ட் பெருசா இருக்கு. எல்லாத்தயும் பாத்துட்டு கடைசில எதுவுமே மனசுல நிக்காம வந்துருவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயம்தான்மா. எனக்கு ரோம்ல மூணாவது நாளே அப்படி ஆயிடுச்சு, எந்த தூண் எந்த சர்ச்சுல பாத்தோம்னே தெரியல, நோட்டுல எழுதினதும் கலந்துபோச்சு. அப்பறம் நான் பண்ணது இதுதான், ஒவ்வொரு ஊர்லயும் ஒரே ஒரு பொருள எனக்குன்னு வச்சுக்கிட்டேன், மத்ததெல்லாம் குரூப்போட போற போக்குல பாத்துக்கிட்டேன், ஆனா அந்த ஒண்ணு முன்னாடி மட்டும் அரை மணி நேரம் போனை உள்ள வச்சுட்டு நின்னேன்.

ரோம்ல எனக்கு அது சான் லூயிஜி தெய் ஃப்ரான்செஸி சர்ச். பியாட்ஸா நவோனா பக்கத்துலயே இருக்கு, டிக்கெட் கிடையாது. இடது பக்கம் கடைசி சேப்பல்ல, அதாவது சர்ச்சுக்குள்ளயே இருக்கற சின்ன வழிபாட்டு அறையில, காரவாஜ்ஜோ வரைஞ்ச மூணு ஓவியம் இருக்கு. உள்ள ஒரே இருட்டு. அங்க ஒரு சின்ன பெட்டி, காசு போட்டா டக்குனு லைட் எரியும், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுரும், அப்பறம் வேற யாராவது காசு போடணும். லைட் அணைஞ்சதும் எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க, நான் நின்னுட்டேன். இருட்டுக்கு கண்ணு பழகினப்பறம்தான் ஒண்ணு புரிஞ்சுது. இடது சுவத்துல இருக்கறது, வரி வசூலிக்கற மத்தேயுவ இயேசு தன்னோட சீடனா கூப்பிடற காட்சி, 1600ல முடிச்சது. அந்த ஓவியத்துக்குள்ள வெளிச்சம் வலது பக்கத்துலேர்ந்து வருது. சேப்பலோட நிஜ ஜன்னலும் பலிபீடத்துக்கு மேல அதே வலது பக்கம்தான் இருக்கு. அந்த ஜன்னல் வெளிச்சமே படத்துக்குள்ள போய் விழற மாதிரி வரைஞ்சு வச்சிருக்கார் மனுஷன்! ரெண்டாவது தடவ லைட் எரிஞ்சப்போ ஓரத்துல ஒரு பையன் கண்ணுல பட்டான், இயேசு வந்து கை நீட்டறாரு, இவன் தல நிமிராம காசு எண்ணிட்டே இருக்கான். முதல் தடவ அவன நான் பாக்கவே இல்ல. இத்தன வருஷம் கழிச்சும் கண்ண மூடினா அந்த பையன் குனிஞ்சிருக்கறது தெரியுது. பர்ஸ்ல கொஞ்சம் சில்லறை யூரோ வச்சுக்கோ, மதியம் நிறைய சர்ச்சு சில மணி நேரம் மூடிருவாங்க, அதயும் பாத்துக்கோ.

கேள்வி: ஃப்ளோரன்ஸ் கதீட்ரல் டோம்ல (குவிமாடத்துல) 463 படி, லிஃப்ட் இல்லன்னு சொல்றாங்க. ஏறியே ஆகணுமா? கீழேர்ந்து பாத்தா போதாதா?

பதில்: மூச்சுத்திணறல், இதயப் பிரச்சன, குறுகலான இடத்துல பயம் இருந்தா வேணாம், மத்தவங்க கண்டிப்பா ஏறுங்க. மேல போய் ஊர பாக்கறதுக்கு இல்ல, ஏற வழிக்காகவே ஏறணும். 1296ல ஆரம்பிச்ச சர்ச்சு அது, நடுவுல கிட்டத்தட்ட 45 மீட்டர் அகலத்துக்கு திறந்தே கிடந்துச்சு, அத எப்படி மூடறதுன்னு ரொம்ப காலம் யாருக்கும் வழி தெரியல. தரையிலேர்ந்து மரச்சாரம் கட்டி தாங்கிப் பிடிக்கணும்னா அத்தன மரத்துக்கு எங்க போறது? கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி 1420ல ஆரம்பிச்சு 1436க்குள்ள, அப்படி தாங்கற சாரம் இல்லாமலே கட்டி முடிச்சார். ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு குவிமாடச் சுவர், நீங்க ஏறறது அந்த ரெண்டுக்கும் நடுவுல. ஒரு திருப்பத்துல எங்க சார் எல்லாரையும் நிறுத்தி செங்கல்ல கை வைக்கச் சொன்னார், தொட்டா சில்லுனு இருந்துச்சு. படுக்க வச்ச செங்கல் வரிசைக்கு நடுநடுவுல ஒரு செங்கல் நெட்டுக்குத்தா நிக்குது, அது அப்படியே சாஞ்சு சாஞ்சு மேல போகுது. மீன் முள்ளு மாதிரி இருக்கும், இத்தாலிலயும் அத மீன் முள்ளுன்னுதான் சொல்றாங்க. சுவர் உள்பக்கமா சாயச் சாய ஈரக்கலவையில வச்ச செங்கல் வழுக்கி விழுந்துரும் இல்லயா, இந்த நிக்கற செங்கல்லுங்க நடுவுல இருக்கறத கவ்விப் பிடிச்சுக்கும், ஒரு சுத்து முடிஞ்சா அந்த வளையம் தன்னத்தானே தாங்கிக்கும். கிளாஸ்ல ரெண்டு வாரம் படம் போட்டும் எனக்கு ஏறாதது அந்த ஒரு நிமிஷத்துல ஏறிடுச்சு. நேரம் போட்டு முன்கூட்டியே புக் பண்ணணும், லேட்டா போனா விடமாட்டாங்க.

கேள்வி: எங்க குரூப்ல பாதி பேர் சியனாவ விட்டுட்டு வெனிஸ்ல ஒரு நாள் கூட இருக்கலாம்ங்கறாங்க. என்ன பண்ண?

பதில்: தம்பி, தயவுசெஞ்சு விட்டுராதீங்க. வெனிஸ் அழகுதான், ஆனா ஒரு நாள் கூட கிடைச்சாலும் கூட்டத்துலயே போயிரும் (அங்க தங்காம பகல்ல மட்டும் போய்ட்டு வர்றவங்களுக்கு 2024லேர்ந்து சில நாள்ல நுழைவுக் கட்டணம் வேற உண்டு). ஃப்ளோரன்ஸ்லேர்ந்து சியனாவுக்கு பஸ்ஸே போதும். காம்போ சதுக்கத்துல சரிவான செங்கல் தரையில எல்லாரும் சும்மா உக்காந்திருப்பாங்க, நீங்களும் உக்காருங்க, அந்தத் தரை ஒம்பது பாகமா பிரிஞ்சிருக்கும், ஊர ஆண்ட ஒன்பது பேர் சபைக்கு அடையாளம் அது. அப்பறம் எதிர்ல இருக்கற பலாட்ஸோ புப்ளிகோங்கற நகரசபை கட்டடத்துக்குள்ள போங்க. அம்ப்ரோஜியோ லோரென்ஸெட்டி 1338, 39ல வரைஞ்ச சுவரோவியம் இருக்கு, நல்ல ஆட்சி நடந்தா ஊர் எப்படி இருக்கும்னு ஒரு சுவர் முழுக்க. கடை, கழுதை, ஆடறவங்க, எல்லாத்துக்கும் மேல கட்டடத்து உச்சியில கொத்தனாருங்க வேல பாத்துட்டு இருக்காங்க. அத பாத்துட்டு நேரா கதீட்ரலுக்கு போங்க, பக்கத்துல கூரை இல்லாம மொட்டையா ஒரு பெரிய சுவர் நிக்கும். உலகத்துலயே பெரிய சர்ச்சுகள்ல ஒண்ணா ஆக்கணும்னு 1339ல விரிவாக்க ஆரம்பிச்சாங்க, 1348ல கொள்ளைநோய் வந்து ஊர்ல ஏகப்பட்ட பேர வாரிட்டு போச்சு, வேல அப்படியே நின்னுபோச்சு. லோரென்ஸெட்டியும் அந்த நோய்லதான் போயிருக்கணும்னு சொல்றாங்க. அந்த சுவத்து மேல ஏறலாம், நான் ஏறி நின்னேன், படத்துல பாத்த கொத்தனாருங்கதான் ஞாபகத்துக்கு வந்தாங்க, தொண்டை அடைச்சுருச்சு.

கேள்வி: ஸ்டூடண்ட் ஐடி காட்டினா டிக்கெட் குறையுமா?

பதில்: 18 வயசுக்குள்ளனா அரசு மியூசியம் எந்த நாட்டுக்காரங்களுக்கும் ஃப்ரீ. 18லேர்ந்து 25 வரைக்கும் 2 யூரோ டிக்கெட் ஐரோப்பிய யூனியன் குடிமக்களுக்கு மட்டும்தான், நம்ம பாஸ்போர்ட்டுக்கு கிடையாது, நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க. மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்கும் ஃப்ரீ, கூட்டம் அள்ளும். இன்னொண்ணு, லோக்கல் ட்ரெயினுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கற மெஷின்ல குத்தணும், எங்க குரூப்ல ஒருத்தி மறந்துட்டா, ஃபைன் கட்டினோம்.

கேள்வி: வணக்கம். என் பொண்ணு சுத்த சைவம், அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாளோன்னு தூக்கமே வரல.

பதில்: அம்மா, நிம்மதியா தூங்குங்க. தக்காளி பாஸ்தா, காய்கறி பீட்ஸா எந்த ஊர்லயும் கிடைக்கும். ஃப்ளோரன்ஸ் பக்கம் ரிபொல்லீத்தான்னு பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டு கெட்டியா ஒரு சூப் குடுப்பாங்க, வயிறு நிறைஞ்சுரும். ரெண்டு விஷயம் மட்டும் சொல்லி அனுப்புங்க. காய்கறி சூப்லயும் சில இடத்துல இறைச்சி வேகவச்ச தண்ணி சேப்பாங்க, கேட்டுட்டு வாங்கணும். பார்மிஜானோ சீஸ்ல பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரெனெட் சேக்கறாங்க, அத ஒதுக்கறவங்களா இருந்தா "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ"ன்னு சொல்லணும், சீஸ் வேணாம்னு அர்த்தம். சர்ச்சுக்குள்ள போக தோளும் முட்டியும் மறைக்கணும், ஒரு துப்பட்டா பையில போட்டு விடுங்க.

கேள்வி: திரும்ப ஒரே ஒரு ஊருக்குத்தான் போகலாம்னா?

பதில்: ரவென்னா. பொலோனியாலேர்ந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. 547ல திறந்த சான் விதாலே சர்ச்சுல பேரரசர் யுஸ்தினியனும் அவரோட ராணி தியோடோராவும் மொசைக்ல நிக்கறாங்க, சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு ஒவ்வொண்ணையும் லேசா வேற வேற சாய்வுல பதிச்சிருக்காங்க, நம்ம ஒரு அடி நகந்தா தங்கமும் கூடவே நகந்து மினுங்குது. பக்கத்துல ரோமானிய அரச குடும்பத்து கல்லா பிளாசிடியா பேர்ல இருக்கற சமாதி மண்டபம், வெளில பாத்தா சாதா செங்கல் கட்டடம், உள்ள கூரை முழுக்க கருநீலத்துல தங்க நட்சத்திரம்.

சாயங்காலம் இத்தாலியோட பெரிய கவிஞர் தாந்தே சமாதிக்கு போனோம். ஃப்ளோரன்ஸ் 1302ல அவர ஊர விட்டு விரட்டுச்சு, 1321ல ரவென்னால இறந்தார், அப்பறம் ஃப்ளோரன்ஸ் எத்தனயோ தடவ உடம்ப கேட்டும் ரவென்னா குடுக்கல. ஃப்ளோரன்ஸ்ல சான்தா க்ரோச்சே சர்ச்சுல அவருக்குன்னு கட்டின சமாதி காலியாவே இருக்கு, அத நாலு நாள் முன்னாடிதான் பாத்திருந்தோம். ரவென்னால சமாதிக்குள்ள ஒரு விளக்கு தொங்குது, அதுக்கு எண்ணெய் வருஷா வருஷம் செப்டம்பர்ல ஃப்ளோரன்ஸ்லேர்ந்து வருது. சார் இத சொன்னப்பறம் கொஞ்ச நேரம் எங்க யாருக்கும் பேச வரல, அந்த விளக்கையே பாத்துட்டு நின்னோம்.