பத்து வருடம் ஆல்பம் இல்லாமல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டார்க்வேவ் என்ற இருண்ட மின்னணு இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கோல்ட் கேவ் என்ற இசைக்குழுவைக் கேட்கத் தொடங்கினேன். வெஸ்லி ஐசோல்ட் என்ற ஒருவருடையது என்கிறார்கள். ஆனால் மேடையில் காலத்துக்கு ஒரு கூட்டம் நிற்கிறது. 2011இல் ‘செரிஷ் த லைட் இயர்ஸ்’ வந்தது. அப்புறம் நெடுங்காலம் முழு ஆல்பமே இல்லை. பெரிய நிறுவனத்தை விட்டதும் ஆள் சரிந்துவிட்டாரா?

க.

அன்புள்ள க.,

சரியவில்லை. நீங்கள் வெற்றிடமாகப் பார்க்கும் அந்த வருடங்களில்தான் அவருடைய ஆகச் சிறந்த பாடல்கள் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஐசோல்ட் இடது கை இல்லாமல் பிறந்தவர். முதலில் அமெரிக்கன் நைட்மேர் போன்ற ஹார்ட்கோர் (வேகமான, ஆவேசமான பங்க் ராக்) குழுக்களில் தொண்டை கிழியக் கத்தினார், வரிகள் எழுதினார். இசை மட்டும் மற்றவர்களிடம் இருந்தது. மனதில் ஒரு மெட்டு ஓடினாலும் கிட்டார் வைத்திருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டும். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கைக்கு வந்ததும் அது மாறியது. ஒரு கையால் நான்கு சுரம் அடித்து சீக்வென்சரில் ஏற்றிவிட்டால் அது தன் பாட்டுக்குச் சுற்றும். அதன்மேல் டிரம் மெஷின், அதன்மேல் இன்னொரு வரி. தனியாள் இசை என்பது அவருக்கு இப்படிக் கிடைத்த சுதந்திரம். மேடைக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். இப்போது நெடுநாளாக உடன் வாசிப்பவர் அவருடைய துணைவி ஏமி லீ (எவனசென்ஸ் குழுவில் பாடும் ஏமி லீ வேறொருவர்).

ஆரம்பப் பதிவுகளில் இரைச்சல் அதிகம். 2009இல் ‘கிரிமேஷன்ஸ்’ என்று தொகுத்தார்கள். அதே வருடம் ‘லவ் கம்ஸ் க்ளோஸ்’. தன்னுடைய ஹார்ட்வார்ம் பதிப்பகம் மூலம் அவர் வெளியிட்டதை மேட்டடார் நிறுவனம் மறுபடி வெளியிட்டது. மேட்டடாரும் சுயாதீன நிறுவனம்தான், நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. தலைப்புப் பாடலைக் கேளுங்கள்: சிந்த் மெட்டு துள்ளிக்கொண்டு போகிறது, குரலோ ஏற்ற இறக்கமே இல்லாமல் அடிமட்டத்தில் நிற்கிறது. கால் ஆடும், மனம் கனக்கும். சிந்த்-பாப்பும் (சிந்தசைசரில் அமைந்த பாப் இசை) டார்க்வேவும் அவரிடம் சேருவது அங்கேதான்.

2011 ஆல்பத்தில் கிட்டார், டிரம்பெட், பெரிய தயாரிப்பு எல்லாம் வந்தன. நல்ல ஆல்பம்தான். ஆனால் முதல் பாட்டிலேயே அத்தனை சத்தத்துக்கு மேல் ஏறி நின்று அவர் கூவ வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி சிறிதாக்கிக்கொண்டார். 2013 முதல் ஒவ்வொரு சிங்கிளாக (தனிப்பாடல் வெளியீடாக) வெளியிட்டு, 2014இல் ‘ஃபுல் கோல்ட் மூன்’ என்று சேர்த்தார். மூன்று நான்கு ஒலிகள், நடுவில் குரல். அது மறுபடி தாழ்ந்து பக்கத்தில் வந்துவிட்டது. அதே 2014இல் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற பெரிய ராக் குழு தங்கள் சுற்றுப்பயணத்தில் அவரை முன்னால் பாட அழைத்தது. சரிந்தவருக்கு அந்த மேடை கிடைக்காது.

ஆல்பம் கணக்கை வைத்தே ஒருவரை அளக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்பவருக்கு, பாட்டு முடிந்ததும் வெளியிடுவது எவ்வளவோ இயல்பு. 2018இல் நான்கு பாடல்கள், 2021இல் ‘ஃபேட் இன் செவன் லெசன்ஸ்’ என்று ஏழு, 2024இல் ‘பேஷன் டிப்ரெஷன்’. நிற்கவே இல்லை.

‘ஃபுல் கோல்ட் மூன்’ தொகுப்பை முழுதாக, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அதையும் அவசியம் எழுதுங்கள்.