பாதி ஆட்டத்தில் அணைக்கச் சொல்லலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. தினமும் ஒரு மணி நேரம் மட்டுமே வீடியோ கேம் என்று விதித்திருக்கிறோம். நேரம் முடிந்ததும் 'இன்னும் அஞ்சே நிமிஷம்' என்பான். அது அரை மணியாக நீளும். பொறுமையிழந்து நான் வைஃபையை அணைத்துவிட்டால் அழுகையும் கத்தலும்தான். என் கணவரோ 'விளையாடிவிட்டுப் போகட்டும், விடு' என்கிறார். இவன் கேமுக்கு அடிமையாகிவிட்டானா? அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: கேம் விளையாட்டு ஒரு கோளாறாக மாறக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. ஆனால் விளையாட்டின் மீது கட்டுப்பாடே இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாவது, கேடு விளைவது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்குப் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அதைக் கோளாறு என்று கணிக்கிறார்கள். அணைக்கும்போது அழுகிறான் என்பது மட்டும் அதற்குப் போதாது. படிப்பும் தூக்கமும் நண்பர்களும் அவனிடம் பழையபடியே இருந்தால், அடியோடு நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சண்டையின் வேர் வேறிடத்தில் இருக்கலாம். 'அஞ்சு நிமிஷம்' என்று அவன் கேட்பது எப்போதும் சாக்கு அல்ல. ஆன்லைனில் குழுவாக ஆடும் மேட்சை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் கூட்டாளிகள் தோற்பார்கள், புள்ளிகள் குறையும், சில கேம்களில் அடுத்த மேட்சுக்குள் நுழையவே சிறிது நேரம் தடை விழும். கடைசி ஒருவர் மிஞ்சும்வரை நடக்கும் சண்டை கேமில் ஒரு சுற்று ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மேலும் இழுக்கும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து அணைக்கிறீர்கள். அவனோ மேட்சைக் கணக்கிட்டு ஆடுகிறான்.

ஆகவே ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மேட்ச் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று பாருங்கள். பிறகு விதியை 'இத்தனை மணிக்கு அணை' என்று வைக்காமல், '40 நிமிடம் கடந்தபின் புதிய மேட்ச் தொடங்கக் கூடாது' என்று மாற்றுங்கள். கட்டடம் கட்டுவது போன்ற முடிவே இல்லாத கேம்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஆடியதைச் சேமித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்பதால் கடிகாரக் கணக்கே சரி. கேம் கருவிகளிலும் கைபேசிகளிலும் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியில் நேர வரம்பைப் பதிந்துவிட்டால், 'போதும்' என்று தினமும் நீங்களே சொல்ல வேண்டியிருக்காது. ரகசிய எண்ணை மட்டும் அவன் கண்ணில் படாமல் அழுத்துங்கள். தென்கொரியாவில் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குமேல் ஆன்லைன் கேம் ஆடுவதைத் தடுக்க 2011இல் வந்த சட்டத்தையே, பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு பிள்ளைகள் ஏமாற்றினார்கள். அந்தச் சட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

வைஃபையைத் துண்டிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். விதியை மீறினால் மறுநாள் ஒரு மேட்ச் குறையும் என்று முன்கூட்டியே சொல்லி, அதைக் குரல் உயர்த்தாமல் நிறைவேற்றினாலே போதும். இதில் உங்கள் கணவரும் உடன்பட வேண்டும். அம்மா மறுத்ததை அப்பா அனுமதிக்கும் வீட்டில் எந்த விதியும் ஒரு வாரம்கூடத் தாங்காது.

கேள்வி: 14 வயது மகளுக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?

பதில்: எல்லா வயதினருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. குழந்தைகளுக்குப் பொழுதுபோக்குத் திரை நேரம் இரண்டு மணி என்று முன்பு பொதுவாகப் பரிந்துரைத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே, 2016இல் பெரிய பிள்ளைகள் விஷயத்தில் அந்த எண்ணைக் கைவிட்டது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. முதலில் அதை ஒதுக்குங்கள். பிறகு பள்ளி, வீட்டுப்பாடம், உடலை அசைத்து விளையாடும் நேரம் ஆகியவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதிலிருந்துதான் கேமுக்கான நேரத்தைத் தர முடியும். இரவில் கைபேசி அவள் அறையில் வேண்டாம். உங்களுடையதும் அதனுடன் கூடத்திலேயே சார்ஜில் கிடக்கட்டும்.