டீலக்ஸ் பெட்டிக்கு மூன்று மடங்கு கொடுக்கலாமா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் நாங்கள் நான்கு நண்பர்கள். ஞாயிறுதோறும் 'கேட்டன்' என்ற போர்டு கேமை ஆடிச் சலித்துவிட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மூளைக்கு நிறைய வேலை வைக்கும் கனமான வியூக ஆட்டம் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். ஒருவன் 'பிராஸ் பர்மிங்ஹாம்' வேண்டும், அதுவும் டீலக்ஸ்தான் வேண்டும் என்கிறான். இன்னொருவன் 'டெர்ராஃபார்மிங் மார்ஸ்' போதும் என்கிறான். ஆனால் அதன் சாமான்கள் (அட்டை, கட்டை, நாணயம்) மட்டம் என்று கேள்விப்படுகிறோம். வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் ஒருவர், டீலக்ஸ் பதிப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், பாதிப் பணம் முன்கூட்டியே கொடுங்கள் என்கிறார். விலை சாதாரணப் பதிப்பைப் போல மூன்று மடங்கு. ஆட்டம் முக்கியமா, சாமான் முக்கியமா?

பதில்: பிராஸ் பர்மிங்ஹாம் வாங்குங்கள். சாதாரணப் பதிப்பு போதும். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். அந்த வாட்ஸ்ஆப்காரருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம்.

இனி காரணங்கள். கனமான ஆட்டங்களில் சாமானின் பகட்டுக்கும் ஆட்டத்தின் தரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நெதர்லாந்தின் ஸ்ப்ளாட்டர் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'ஃபுட் செயின் மேக்னேட்' பெட்டியைத் திறந்தால் அச்சடித்த காகிதப் பணமும் அலங்காரமே இல்லாத அட்டைகளும்தான் இருக்கும். விலையோ கண்ணைக் கட்டும். அப்படியும் ஆடியவர்கள் அதை விடுவதில்லை. பிரான்சிஸ் டிரெஷாம் உருவாக்கி 1986இல் வெளிவந்த '1830' ரயில் கம்பெனி ஆட்டமும் இதே கதை. (ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டது 1856இல். இந்த வகை ஆட்டத்தை ரசிக்க வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு என்பது என் கட்சி.) நம் ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். கோயில் மண்டபத் தரையில் கீறிய கோடுகள், மூன்று புளியங்கொட்டை, பதினைந்து கூழாங்கல். சாமான் செலவு பூஜ்யம், மூளைச் செலவு கொஞ்சநஞ்சமல்ல.

உங்கள் பிராஸே நல்ல சாட்சி. மார்ட்டின் வாலஸ் அதன் முதல் வடிவத்தை 2007இல் கொண்டுவந்தபோது பார்க்க வறட்சியாகத்தான் இருந்தது. 2018இல் ராக்ஸ்லி நிறுவனம் புதுப் படங்களோடு லங்காஷயர், பர்மிங்ஹாம் என்று இரண்டு பெட்டிகளாக வெளியிட்டது. பர்மிங்ஹாம் 2023இல், போர்டு கேம்களுக்கு ஆடுகிறவர்கள் மதிப்பெண் போடும் போர்டுகேம்கீக் தளத்தின் தரவரிசையில் முதலிடத்துக்கே போனது. புதுப் படம் ஆளைக் கூட்டி வந்தது உண்மைதான். உட்கார வைத்தது ஆட்டம்.

டீலக்ஸில் அப்படி என்ன வருகிறது? முக்கியமாக, அட்டை நாணயத்துக்குப் பதில் கனமான போக்கர் வில்லைகள். அவை வீண் என்று சொல்லமாட்டேன். பிராஸில் நீங்கள் செலவழிக்கும் பணம் ஆடும் வரிசையைக் காட்டும் பட்டையில் உங்கள் இடத்தில் குவிகிறது. குறைவாகச் செலவழித்தவர் அடுத்த சுற்றில் முதலில் ஆடுவார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கை காசைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கையில் நல்ல வில்லை இருந்தால் சுகம்தான். அந்தச் சுகத்துக்கு மூன்று மடங்கு எதற்கு? சாதாரண போக்கர் வில்லைப் பெட்டி தனியே கிடைக்கிறது, மிஞ்சினால் சில நூறு ரூபாய். நிறத்துக்கு ஒரு மதிப்பு என்று நால்வரும் பேசி வைத்துக்கொண்டால் போதும். '1830' ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். அதிலும் வேலூர் மே மாதத்தில், தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது காகிதப் பணத்தை வைத்து ஒரு சுற்று ஆடிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

இப்போது டெர்ராஃபார்மிங் மார்ஸ். சாமான் முக்கியமில்லை என்று இவ்வளவு பேசிய நான் விதிவிலக்கு தரும் இடம் இது ஒன்றுதான். செவ்வாய்க் கிரகத்தை மனிதர் வாழத் தக்கதாக மாற்றும் ஆட்டம்; 2016இல் வந்தது, நல்ல ஆட்டம், விலையும் நியாயம். ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மெல்லிய அட்டை இருக்கும். அதில் பணம், எஃகு, டைட்டானியம், செடி, மின்சாரம், வெப்பம் என்று ஆறு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் சின்னக் கட்டை ஒன்று உங்கள் உற்பத்தி எவ்வளவு என்று காட்டி நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? நிற்காது. அட்டையில் குழி கிடையாது, பள்ளம் கிடையாது, வழவழப்பான தாள் மேல் வழவழப்பான கட்டை. எதிரில் இருப்பவர் டீ டம்ளரை எடுக்கும்போது முழங்கை பட்டால் போதும், ஆறு கட்டையும் இடம் மாறும். டைட்டானியம் உற்பத்தி மூன்றா நான்கா? யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு மணி நேரம் கட்டிய கணக்கு அங்கே முடிந்தது, மிச்சம் சண்டை.

இது அழகுக் குறை இல்லை, ஆட்டத்தையே கெடுக்கும் குறை. நாணயம் அட்டையாக இருந்தால் கை வருந்தும், அவ்வளவுதான். ஆட்டத்தின் நிலவரத்தை நினைவு வைத்திருக்கும் பொருள் நழுவினால் ஆட்டமே தொலைந்தது. அதனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் இதை மட்டும் கேளுங்கள்: மேஜையை யாராவது தட்டிவிட்டால், எதைத் திரும்ப அடுக்க முடியாது? அந்த ஒரு பொருளுக்குச் செலவழிக்கலாம். மற்றதெல்லாம் ஷோகேஸ். மார்ஸ் வாங்குவதாக இருந்தால் பெயர்ப்பலகை, பரிசுக் கோப்பை செய்யும் கடையில் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கைக் கட்டை அளவுக்குத் துளை போட்டு வெட்டித் தரச் சொல்லி, அட்டை மேல் வைத்துவிடுங்கள். அதற்கு எந்த டீலக்ஸும் தேவையில்லை.

மினியேச்சர் பொம்மைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஈட்டியும் கத்தியும் நம் வெயிலில், அதுவும் காருக்குள் விட்டால், வளைந்துபோகும்.

பிராஸிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதன் பலகைக்கு இரண்டு பக்கம், பகல் ஒன்று, இரவு ஒன்று. இரவுப் பக்கம் படத்துக்கு அழகு. டியூப் லைட்டில் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க டார்ச் அடிக்க வேண்டும். பகல் பக்கத்திலேயே ஆடுங்கள்.

இனி அந்த முன்பணக்காரர். இவர்களைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வழி எப்போதும் ஒன்றுதான். 'குரூப் பை', அதாவது எல்லோரும் சேர்ந்து வாங்குவோம் என்று பத்துப் பேரிடம் பாதிப் பணம். இரண்டு மாதம் கழித்து 'கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு' என்று ஒரு செய்தி. பிறகு 'டூட்டி எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்' என்று இன்னொரு வசூல். உண்மையிலேயே சுங்கத்தில் நின்ற பெட்டிக்கு ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண் இருக்கும். வரி கட்டியிருந்தால் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க இறக்குமதிப் பத்திரம் இருக்கும். இரண்டின் நகலையும் கேளுங்கள். நேர்மையானவர் அனுப்புவார், மற்றவர் உங்களைக் குழுவிலிருந்து நீக்குவார்.

'கிஃப்ட் என்று போட்டு வரவழைத்தால் வரியே இல்லை' என்பது இவர்களின் அடுத்த வசனம். 2019 டிசம்பரோடு அந்தக் கதவு மூடியாயிற்று. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும்தான் அந்தச் சலுகை. முழு வரி கட்டினால் பரிசாகவும் வரவழைக்கலாம், ஆனால் அப்புறம் எதற்குப் பொய்?

கூரியர் செலவையும் யாரும் முன்னால் சொல்வதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது ஒரு எடை. தராசில் வருவது இன்னொரு எடை. எது அதிகமோ அதற்குக் காசு. உலோக நாணயமும் பிளாஸ்டிக் பொம்மையும் அடைத்த பெட்டிக்கு இரண்டுமே எகிறும். 'க்ளூம்ஹேவன்' என்ற ஆட்டத்தின் பெட்டி பத்து கிலோ, நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு நம் வரி அட்டவணையும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். சுங்க அட்டவணையில் 9503 தலைப்பில் வந்தால் பொம்மை, அடிப்படைச் சுங்கவரி 70 சதவீதம். போர்டு கேமுக்கு உரியது 9504, அங்கே வரி குறைவு. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடும் பொருள் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் வேண்டும். மார்ஸைப் போலப் பெட்டியில் 12+ என்று அச்சடித்திருந்தால் போயிற்று. செவ்வாய்க் கிரகத்தின் ஆக்சிஜனைப் பதினான்கு சதவீதத்துக்கு ஏற்றப் பெரியவர்கள் மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்டத்தைக் கிலுகிலுப்பை வரிசையில் நிறுத்தக்கூடிய சட்டம். எந்தச் சுங்க அதிகாரியின் மேஜையில் எப்படித் தீர்ப்பாகும் என்று வாங்குகிறவனுக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த இருட்டில்தான் தரகர் டார்ச்சோடு வந்து நிற்கிறார்.

ஆகவே உள்நாட்டுக் கடை. 2025 செப்டம்பர் 22 முதல் போர்டு கேமுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால் கேளுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலி அச்சு. அட்டை மெலிவும் மங்கிய எழுத்தும் திறந்த பிறகுதான் தெரியும்.

இன்னும் சந்தேகமாக இருந்தால், பெட்டியை வாங்குமுன், இணையத்திலேயே ஆடக்கூடிய போர்டு கேம் அரீனா தளத்தில் 'புவேர்ட்டோ ரிக்கோ'வோ 'த்ரூ தி ஏஜஸ்'ஸோ நால்வரும் ஆடிப் பாருங்கள். அங்கே தொட்டுப் பார்க்கச் சாமான் ஒன்றும் இல்லை. அப்படியும் நேரம் போவது தெரியவில்லை என்றால் கனமான ஆட்டம் உங்களுக்குச் சரிப்படும்.

மிச்சமாகும் பணத்தில் அட்டைகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை வளையும், இராமபாணப் பூச்சியும் வரும். ஆம்பூர் ஷூ வாங்கும்போது பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் இதில் போடுங்கள். பெட்டி வந்த அன்றே முழு ஆட்டத்துக்கு உட்காராதீர்கள். ஒருவர் மட்டும் விதிப்புத்தகத்தை முந்தின நாளே படித்து வரட்டும். முதல் ஞாயிறு, பிராஸின் முதல் பாதியான கால்வாய்க் காலம் முடிந்ததும் புள்ளியை எண்ணி எழுந்துவிடுங்கள்; இரண்டாம் பாதியான ரயில் காலம் அடுத்த ஞாயிறு.