உதட்டு கேன்சர் க்ளெய்ம்: கேஸ் ஷீட்ல மட்டும் கை வைக்காதீங்க

கடலூர் ஓல்டு டவுன்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்பா கடல் தொழில், கீழ் உதட்டுல கேன்சர். பாண்டியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில உதட்டுக்குள்ள குழாய் சொருகி இரிடியம் வச்சு உள்ளிருந்தே கதிர்வீச்சு குடுக்கற ப்ராக்கிதெரபி, 2025 மார்ச்ல, பில் 3 லட்சத்து 80 ஆயிரம். ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி 2019 ஜூலையில 3 லட்சத்துக்கு எடுத்தது, 2022ல 5 லட்சமா ஏத்துனது. புகையிலை பழக்கத்தை மறைச்சிட்டீங்கன்னு க்ளெய்மை தள்ளிட்டாங்களாம், கேஸ் போட்டா ஜெயிக்குமான்னு கேக்கறாரு.

தம்பி, டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்மை பாக்கற ஏஜென்சி) ஆள் போன்ல மரியாதையில்லாம பேசுனதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, பாலிசி எடுக்கறப்ப ஃபாரத்தை ஏஜென்ட்டே நிரப்பிட்டு அப்பாகிட்ட கையெழுத்து மட்டும் வாங்குனாருன்னு வேற. எதுவும் எடுபடாது, கையெழுத்து அவரோடது. வெயில்ல கிடந்து வந்த கேன்சர்ங்கறீங்க, கீழ் உதட்டுக்கு வெயிலும் ஒரு காரணம்தான், ஆனா ஃபாரத்துல கேட்டது காரணத்தை இல்ல, பழக்கம் உண்டான்னு, அதுக்கு 'இல்லை'ல டிக் இருக்கு. அட்மிட் ஆகாம பாத்த அவுட்பேஷண்ட் ட்ரீட்மென்ட்னு கம்பெனி லெட்டர்ல இன்னொரு காரணம் இருக்கே, அது சும்மா. மயக்கம் குடுத்து குழாய் சொருகி, நாளைக்கு ரெண்டு வேளை ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு குடுத்திருக்காங்க, டிஸ்சார்ஜ் சம்மரியே பதில் சொல்லும்.

பாலிசி விடாம ஓடி 60 மாசம் ஆச்சா, அது ஒண்ணுதான் கேள்வி. முன்னாடி 8 வருஷமா இருந்ததை 2024 ஏப்ரல்ல இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 5 வருஷமா குறைச்சிடுச்சு. அந்த 60 மாசம் தாண்டிட்டா மறைச்சீங்கன்னு தள்ள முடியாது, மோசடின்னு கம்பெனி நிரூபிச்சாத்தான் உண்டு. உங்களுக்கு தாண்டியாச்சு, ஆனா அந்த 3 லட்சத்துக்கு மட்டும். ஏத்துன 2 லட்சத்துக்கு கணக்கு 2022ல இருந்துதான்.

நான் பயப்படறது உங்க கடைசி பாராவுக்கு. மச்சானுக்கு ஆஸ்பத்திரியில ஆள் தெரியும், கேஸ் ஷீட்ல 'டொபாக்கோ சூயிங், 20 இயர்ஸ்'னு இருக்கற வரியை மாத்தி வாங்கிடலாம்ங்கறாராம். இதை செஞ்சுட்டு வக்கீல்னு என்கிட்ட வந்து உக்காந்த கட்சிக்காரங்களை நிறைய பாத்திருக்கேன். கேஷ்லெஸ் கேட்டு அனுப்புன ஃபாரத்துலயே அந்த வரி போயிருக்கும், கம்பெனி இன்வெஸ்டிகேட்டர் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருப்பாரு, நீங்க கொண்டு வர்றதுல வேற பேனா மையில அடிச்சு திருத்தி, தேதி பாத்தா கம்பெனி லெட்டருக்கு அப்புறம். கம்பெனி தேடிக்கிட்டிருந்த மோசடியை நீங்களே கையில குடுத்த மாதிரி, 60 மாச பாதுகாப்பும் போச்சு, போலி ஆவணம்னு போலீஸ் கேஸும் வரும், கையெழுத்து போட்ட டாக்டரும் மாட்டுவாரு. பழக்கம் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டே ஜெயிக்கற கேஸ் தம்பி இது.

3 லட்சம் குடுக்கறோம்னா வாங்கிக்கோங்க, 80 ஆயிரத்தை விட்டுடுங்க, அதுக்காக இழுத்தா அந்த 3 லட்சமும் மாட்டிக்கும். இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மேன்ல முதல்ல போடுங்க, பாண்டிக்கும் நமக்கும் சென்னை ஆபீஸ்தான், கம்பெனி கடைசியா மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷம் டைம். அவசரப்பட்டு நுகர்வோர் கோர்ட்ல போட்டுட்டா இந்த வழி அடைபட்டுடும், ஆனா ஆம்பட்ஸ்மேன்ல தோத்தா கோர்ட்டுக்கு போகலாம். ஆம்பட்ஸ்மேன்கிட்ட வக்கீல் ஆஜராக முடியாது, அதனால எனக்கு ஃபீஸும் இல்ல, ரினியூவல் ரசீது அத்தனையும் எடுத்துக்கிட்டு நீங்களே போங்க.