121 தோல்விகளும் ஒரு பென்சிலும்

வணக்கம் அம்மா,

சிகாகோவுக்கு அருகே நேப்பர்வில்லில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கதைகளை என் மனைவிதான் எனக்கு அறிமுகப்படுத்தினாள். இது இலக்கியக் கேள்வி அல்ல, மன்னிக்கவும். என் மகளுக்குப் பத்து வயது. பள்ளித் தோழி ஒருத்தியால் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மீது பைத்தியமாகிவிட்டாள். அந்த அணி 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றது. 2025இல் 102. பாதி இரவுகள் முகம் தொங்கிப்போய்த்தான் படுக்கிறாள். "இது மறுகட்டுமானக் காலம், ஹூஸ்டன் அணியும் மூன்று ஆண்டுகள் இப்படித் தோற்றுவிட்டுத்தான் கோப்பையை வென்றது, பொறுத்திரு" என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். எனக்கோ, தோல்விக்குப் பழகிப்போன பிள்ளையாக வளர்ந்துவிடுவாளோ என்று பயம். இதே ஊரில் கப்ஸ் அணி இருக்கிறது. 2016இல் கோப்பையை வென்றவர்கள், இப்போதும் நன்றாக ஆடுகிறார்கள். மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிடலாமா? அல்லது இதை நீண்டகால முதலீடாகப் பார்க்க வேண்டுமா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இலக்கியக் கேள்வி என்ற பெயரில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, எந்தப் பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பலாம் என்று கேட்பவை. உங்கள் கடிதம் எவ்வளவோ மேல். அதோடு, நீங்கள் எழுதிய அந்த அணியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த இரவு எனக்குள் கிடக்கிறது. எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் இருந்தேன். நீங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள்.

2024 செப்டம்பரில் சிகாகோவில் என் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கையின் கணவர் பேச்சுக்குறைவானவர், பேஸ்பால் என்றால் மட்டும் வாய் திறப்பார். 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, "அக்கா, சரித்திரம் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். ஏதோ அருங்காட்சியகம் என்று நினைத்துப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். சிவப்புத் தடத்து ரயிலில் 35ஆம் தெருவில் இறங்கினோம். எதிரிலேயே புதியதைக் கட்டிவிட்டு, பழைய மைதானத்தை 1991இல் இடித்திருக்கிறார்கள். பழையது நின்ற இடம் இப்போது கார் நிறுத்துமிடம். பேட்டர் நின்று அடிக்கிற ஹோம் பிளேட் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கல்லைப் பதித்திருக்கிறார்கள். புதிய மைதானத்துக்கு ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெயர். அங்கே அப்போது இருந்த அந்த நிறுவனத்தின் சின்னம் என்ன தெரியுமா? கீழ்நோக்கிய அம்பு. இதை ஒரு கதையில் எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது என்று அடித்துவிட்டிருப்பேன்.

அன்று வரை அந்த அணி 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 1962இல் நியூயார்க் மெட்ஸ், அணி தொடங்கிய முதல் வருடத்திலேயே, தோற்ற எண்ணிக்கையும் அதுதான். 1901க்குப் பிறகு அதைவிட அதிகம் தோற்றவர்கள் கிடையாது. ஆக, இன்னொன்று தோற்றால் சரித்திரம். கூட்டம் அதற்காகத்தான் வந்திருந்தது. சாவு வீட்டுக்குப் பந்தல் போடும் முன்பே பந்தியில் இடம்பிடிக்க வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் அந்த மைதானத்தில் ஒரு மில்க் ஷேக் பிரபலமாகியிருந்தது, மேலே மார்ஷ்மெல்லோவெல்லாம் வைத்து. அணியைவிட அது நன்றாக இருக்கிறது என்று பத்திரிகைகளே எழுதின. நானும் குடித்தேன். பல் கூசியது.

எங்களுக்கு அடுத்த இருக்கையில் ஒரு பெரியவர். எழுபத்தைந்துக்குக் குறையாத வயது. மடியில் நீளமான ஸ்கோர் புத்தகம், காதில் செருகிய பென்சில், சட்டைப் பையில் ஒரு பழைய ரப்பர். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டி எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, கேட்காமலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார். களத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பந்து வீசுகிற பிட்சர் 1, அதைப் பிடிக்கிற கேட்சர் 2, அடித்தவர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் முதல் பேஸைக் காப்பவர் 3, இரண்டாம் பேஸ் 4 என்று போகும். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து பந்து இரண்டாம் பேஸுக்குப் போய், அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3. பேட்டர் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு அவுட்டானால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுத வேண்டும். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது. அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒரு லிபி கற்றுக்கொண்டேன், கார்த்திகேயன். அந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

பிறகு அவர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். மே 23. பால்டிமோருடன் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 8-6 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில். ஒயிட் சாக்ஸின் பெனின்டெண்டி அடித்த பந்து நேராக மேலே எழும்புகிறது. அது எளிதில் பிடிபடும் பந்து என்பதால் நடுவர் விதிப்படி அப்போதே அவருக்கு அவுட் கொடுத்துவிடுகிறார். இரண்டாம் பேஸிலிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்பின் வழியில் நின்றார் என்று அவருக்கும் அவுட். ஆட்டம் முடிந்தது. ஒரே பந்து, எழும்பியது கீழே வருவதற்குள் இரண்டு பேர் காலி. பெரியவரின் புத்தகத்தில் வானின் கட்டத்தில் ஒரு கேள்விக்குறியை அழித்த தடம் தெரிந்தது. அதன் மேல் பிற்பாடு விதியைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். "வீட்டுக்குப் போய் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். நடுவர் செய்தது சரிதான்" என்றார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லையாம்.

அவரிடம் நான் ஒரு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டேன். உங்கள் நண்பர்கள் சொன்ன அதே வார்த்தையை வைத்து. "இது அணியை மறுபடி கட்டுகிற காலம் என்கிறார்களே?" அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அதற்கு இதில் குறியீடு இல்லை" என்றார். அவ்வளவுதான். அடுத்த பந்து வந்துவிட்டது.

இப்போது உங்கள் நண்பர்களுக்கு வருகிறேன். வீட்டைக் கட்டிப் பார் என்று நம் ஊரில் ஏன் சொன்னார்கள்? கட்டத் தொடங்கிய பிறகுதான் கணக்கு தெரியும் என்பதால். மேஸ்திரி, "இடித்தாயிற்று, ஆனால் கட்டுவது எப்போது என்று கேட்காதே" என்றால் விடுவோமா? ஒயிட் சாக்ஸ் மறுகட்டுமானம் செய்கிறது என்கிறவர்களுக்கு நினைவாற்றல் கிடையாது. அந்த வீட்டை ஏற்கெனவே ஒரு முறை இடித்துக் கட்டியாயிற்று! 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற இடதுகைப் பிட்சரை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கினார்கள். அடுத்த ஜூலையில் கிந்தானாவைக் கொடுத்தார்கள், அதுவும் இதே ஊர் கப்ஸுக்கு. 2018இல் 100 தோல்வி. பொறுங்கள், எதிர்காலம் வருகிறது என்றார்கள். வந்தது. 2021இல் 93 வெற்றி, தங்கள் பிரிவில் முதலிடம். அடுத்த சுற்றிலேயே ஹூஸ்டனிடம் தோற்று வெளியேறினார்கள். 2022இல் சரிக்குச் சரி, 81-81. 2023இல் 101 தோல்வி. அதற்கடுத்த வருடம் 121. எதிர்காலம் என்று சொன்னது மொத்தமே அவ்வளவுதான், ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில்.

கொடுத்துவிட்ட அந்தச் சேல் 2018இல் பாஸ்டனோடு கோப்பையை வென்றார். இவர்கள் 121 தோற்ற அதே 2024இல் அட்லாண்டாவுக்காக ஆடி, அட்லாண்டா ஆடும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் வாங்கினார். இது போதாதென்று இன்னொன்று கேளுங்கள். அந்த 121 தோல்விகளின் நடுவே ஒரே ஒருவர் ஒழுங்காகப் பந்து வீசினார் என்றால் அது காரட் க்ரோஷே. அதுவரை தொடக்கப் பிட்சராக இறங்கியதே இல்லாத பையன், அந்த வருடம் 146 இன்னிங்ஸில் 209 பேரை 'கே' ஆக்கினார். 2024 டிசம்பரில் அவரை எங்கே அனுப்பினார்கள்? பாஸ்டனுக்கு. எட்டு வருட இடைவெளி. அதே டிசம்பர், அதே பாஸ்டன், அதே போல ஓர் இடதுகைப் பிட்சர், பதிலுக்கு அதே போல நான்கு இளைஞர்கள். இதற்குப் பெயர் கட்டுமானமா? திண்ணையில் உட்கார்ந்து செங்கல்லை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடுக்குவது. நடுவில் உரிமையாளர் ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃப், பொதுப்பணத்தின் உதவியோடு நகரின் வேறோர் இடத்தில் புது மைதானம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஹூஸ்டன் கதையை உங்கள் நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 2011இலிருந்து 106, 107, 111 என்று தோற்றார்கள், 2017இல் வென்றார்கள், உண்மை. அந்த வருடம் எதிரணிக் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைக் கேமராவில் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டர்களுக்குச் சொன்னார்கள் என்பதும் உண்மை. அதை விடுங்கள். அவர்கள் தோற்றபோது, கடைசியில் இருப்பவருக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை இருந்தது. 2022இல் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். சிகாகோ போன்ற பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் அந்தக் குலுக்கலில் இடம்பிடிக்கவும் முடியாது. 121 தோற்றதற்கு 2025இல் ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். பத்தாவது! தோற்பதை முதலீடு என்று நினைப்பவர்களுக்கு வட்டி இவ்வளவுதான்.

முதலீடு என்ற அந்தச் சொல்லுக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம். பத்து வயதுப் பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம் பார்த்து அழுவதை வங்கிக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க எப்படி மனம் வந்தது? கப்ஸுக்குத் திருப்பிவிடலாமா என்கிறீர்கள். அவள் என்ன, ரேஷன் அட்டையா, முகவரி மாற்றுவதற்கு? நாளைக்கு அவளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த வீட்டுப் பெண்ணை மகளாக்கிக்கொள்வீர்களா? கோபம் தீர்ந்தது. தோல்விக்குப் பழகிவிடுவாள் என்ற பயத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பழகியவளாக இருந்தால் ஏன் முகம் தொங்குகிறது?

அன்றிரவு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-0 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த வருடம் அப்படிப் பின்தங்கிய ஆட்டம் ஒன்றைக்கூட அவர்கள் மீட்டதில்லை. "அணியை விற்றுவிடு" என்று கூட்டம் உரிமையாளரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று மூன்று ரன். 3-2. சரித்திரம் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். சிலர் தங்கள் அணியே முன்னேறியதற்கு ஊளையிட்டார்கள். பெரியவர் ஊளையிடவும் இல்லை, கைதட்டவும் இல்லை. ரன் எடுத்தவர்களின் கட்டங்களில் அச்சிட்டிருக்கும் வைர வடிவத்தின் உள்ளே பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார், கோடு தாண்டாமல், ஒவ்வொன்றாக. அடுத்த இரண்டு நாட்களும் வென்றார்கள். மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்று அந்த 121ஐ எட்டினார்கள். அந்த வெற்றியால் டெட்ராய்ட் அணி பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்த சுற்றுக்குள் நுழைந்து ஆடிப்பாடிக்கொண்டிருந்தது. 2003இல் 119 தோற்ற அணி அது. அந்தப் பெரியவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே அதையும் எழுதியிருப்பார். கடைசி ஆட்டத்தை ஒயிட் சாக்ஸ் 9-5 என்று வென்றது. அதையும்தான்.

2025இல் 60 வெற்றி. கோல்சன் மாண்ட்கமரி என்ற இளைஞர் ஜூலையில் அறிமுகமாகி, வருடம் முடிவதற்குள் 21 ஹோம் ரன் அடித்தார். நம்பிக்கைக்கு இடமிருக்கிறதா என்றால் இருக்கலாம். போப் பதினான்காம் லியோவே இந்த அணியின் ரசிகர், அவருக்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகளுக்கு ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். பென்சிலும் நல்ல ரப்பரும். பேனா வேண்டாம், அழிக்க வேண்டிவரும். திருப்பி எழுதுகிற 'கே' எழுத்து முதலில் சரியாக வராது, எனக்கும் வரவில்லை. 35ஆம் தெருவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது மூன்றாம் பேஸ் பக்கம், சற்று மேலே பாருங்கள். காதில் பென்சிலோடு யாராவது உட்கார்ந்திருந்தால், புடவை கட்டிய ஒரு அம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள். மில்க் ஷேக் வாங்கினால் இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும்.

அன்புடன்.