வரும் ரீச்சர்மார் ஏன் நிலைக்கிறார்கள் இல்லை?

கேள்வி: திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு தனியார் முன்பள்ளி நடத்துகிறேன். 42 பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள். இரண்டு வருடத்தில் ஐந்து பேர் விலகிவிட்டார்கள், அதில் ஒருவர் புடவைக் கடை வேலைக்குப் போனார். இப்போது மூத்த ரீச்சரும் டிப்ளோமா முடித்து வந்த இளைய ரீச்சரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சம்பளத்தை இதற்குமேல் கூட்ட வழியில்லை. இருப்பவர்களையாவது தக்க வைப்பது எப்படி?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் சம்பளத்தைத் தாண்டிப் போவதற்கு முன் அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஐந்து நகரப் பகுதிகளில் 227 சிறுவர் பராமரிப்பு நிலையங்களைப் பார்த்தார்கள். ஒரே வருடத்தில் ஊழியர்களில் 41 வீதமானோர் விலகியிருந்தார்கள். நிற்பதையும் போவதையும் மற்ற எதையும் விடச் சம்பளமே கூடுதலாகத் தீர்மானித்தது. ஆட்கள் அடிக்கடி மாறிய இடங்களில் பிள்ளைகளின் பேச்சும் பழகும் விதமும் பின்தங்கியிருந்தன. ஊர் வேறு, காசு வேறுதான். ஆனாலும் பிள்ளைகள்மேல் உள்ள பாசத்தில் நிற்பார்கள் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

தொகையைக் கூட்ட முடியாது, சரி. திகதியை நிலைப்படுத்தலாம் அல்லவா? பெற்றோர் கட்டணம் கட்டி முடிக்கும்வரை சம்பளம் இழுபடுகிறதா? விடுமுறை மாதத்தில் பாதிச் சம்பளமா? அப்படியென்றால் வருடக் கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து அறவிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் கட்ட வேண்டியது 3. பத்துப் பேருக்குக் குறைவான தரும ஸ்தாபனங்களுக்கு விலக்கு உண்டு. தனியார் என்றால் ஓர் ஊழியர் இருந்தாலே கட்ட வேண்டும். புடவைக் கடையில் வேலைக்குப் போன உங்கள் பழைய ரீச்சர் இதையும் கணக்குப் பார்த்துத்தான் போயிருப்பார்.

இனி அந்த இரண்டு பேருக்கு வருவோம். குணம் ஒத்துவரவில்லை என்று நினைத்துச் சமாதானம் பேசப் போகாதீர்கள். நான் பார்த்த அளவில், முன்பள்ளியில் ஆசிரியைகள் முட்டிக்கொள்ளும் பல விடயங்கள் பொறுப்பாளர் முடிவு சொல்லாமல் விட்டவை. நாலு வயதுப் பிள்ளைக்கு இரட்டைக்கோட்டுக் கொப்பியில் அ, ஆ எழுதக் கொடுப்பதா இல்லையா? தாய்மார் கேட்கிறார்கள், அதனால் மூத்தவர் கொடுக்கிறார். விரல் இன்னும் பென்சிலுக்குத் தயாரில்லை, களிமண் உருட்டட்டும், மணி கோர்க்கட்டும் என்று இளையவர் படித்துவிட்டு வந்திருக்கிறார். என்னைக் கேட்டால் இளையவர் சொல்வதுதான் சரி. ஆனால் அதை அவர் சொன்னால் மூத்தவருக்கு இத்தனை வருட அனுபவமும் பிழை என்று கேட்கும். சொல்ல வேண்டியது நீங்கள், அதுவும் பெற்றோர் கூட்டத்தில். கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தின் வெளிக்கள உத்தியோகத்தரையும் வந்து பேசச் சொல்லுங்கள். மூத்தவருக்கு முகம் கெடாமல் விடயம் முடியும். அவருடைய கைவேலை, கதை சொல்லும் திறமை எல்லாவற்றையும் அதே கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள், பொய்யாக இல்லாமல்.

அடுத்தது வேலைப் பங்கு. நேற்று சிறுநீர் கழித்த பிள்ளைக்கு உடுப்பு மாற்றியது யார்? முந்தாநாள்? உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிழமைக்குக் கழிப்பறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, செய்தவர் கையெழுத்துப் போடும்படி சொல்லுங்கள். பதினொன்றரைக்குப் பிள்ளைகள் போன பிறகு சாயக் கிண்ணம் கழுவுவது, பாய் தட்டி மடிப்பது, விளையாட்டு விழாவுக்குக் கிரீடம் வெட்டுவது, இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் தாய்மாருக்குப் பதில் போடுவது எல்லாம் அதில் வரட்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பாருங்கள். அநேகமாக ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் முறை போடுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. வாட்ஸ்அப் குழுவை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுங்கள். தாய்மார் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பழகிவிடுவார்கள்.

மாதம் ஒரு தடவை ஒவ்வொருவரோடும் தனியாகக் கால் மணித்தியாலம் இருங்கள். இந்த மாதம் எது கஷ்டமாக இருந்தது, எதை மாற்றினால் லேசாக இருக்கும், இந்த இரண்டையும் கேட்டாலே போதும். கிண்ணியாவில் இருந்தோ நிலாவெளியில் இருந்தோ வருபவருக்குப் பஸ் நேரம்தான் பிரச்சினையாக இருக்கும். ஏழரைக்குப் பதில் ஏழே முக்காலுக்கு வரச் சொன்னால் ஒரு ராஜினாமாக் கடிதம் மிச்சம். ஆனால் கேட்டதில் ஒன்றையாவது செய்யாவிட்டால் அடுத்த மாதம் "ஒன்றுமில்லை மிஸ்" என்ற பதில்தான் வரும்.

கண்டிக்க வேண்டி வந்தால் பெற்றோர் முன்னால் வேண்டாம். இதை நான் பட்டுத்தான் படித்தேன். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் ஒரு காலம், தகரக் கூரைக்குக் கீழே எல்லாருக்கும் தலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் மாறிப் போனதற்கு, தாய் பார்த்துக்கொண்டு நிற்க, உதவி ஆசிரியையை ஏசிவிட்டேன். அவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. போத்தலைத் தேடி எடுத்து, துடைத்து, அந்தத் தாயின் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை வரவில்லை, பிறகும் வரவில்லை. மூன்றரை வயதுப் பொடியன் ஒருவன் இரண்டு கிழமையாகக் காலையில் கேற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் வந்தால்தான் உள்ளே வருவேன் என்று நின்றான்.

எல்லாம் செய்தும் போகிறவர் போவார். அரச நியமனம் கிடைக்கும், கல்யாணம் வரும், கணவர் கட்டாரில் இருந்து கூப்பிடுவார். அதில் மனஸ்தாபம் வேண்டாம். ஒரு மாத முன்னறிவித்தலை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி இரண்டு கிழமை புதியவரும் அவரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும், அவர் எப்போது போகிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே சொல்லட்டும்.